மலாக்கா நீரிணையில் மறைபொருள் வாணிகம்

மலாக்கா சுல்தான்களின் ஆட்சி மேலோங்கியிருந்த 15ஆம் நூற்றாண்டில், ஆற்று முகத்துவாரத்தில் அமைந்த அந்நகர்த் துறைமுகத்தை நான்கு சாபந்தார்கள் மேற்பார்த்து வந்தனர். சாபந்தார் என்பது துறைமுகத் தலைவரைக் குறிக்கும் பாரசீகச் சொல். குஜராத்தி வணிகருக்கென ஒருவர் இருந்தார். 'கெலிங்' என்று அக்காலத்தார் அழைத்த தமிழ் வணிகரோடு வங்காளம், பெகு, பாசாய் முதலிய நாட்டாரையும் கவனிப்பதற்கு ஒருவர். சாவா முதலிய தீவுகளிலிருந்து வருவோருக்கு ஒருவர். சீனம், சம்பா முதலிய கீழ்த்திசை நாட்டாருக்கு ஒருவர். வந்த கப்பலின் தலைவனை எதிர்கொண்டு அழைத்தல், அவனைப் பெண்டகாராவின் முன் கொண்டு நிறுத்துதல், சரக்கை வைக்கக் கிடங்கு ஒதுக்குதல், தங்க இடம் தருதல், சுமை இழுக்க யானை ஏற்பாடு செய்தல் ஆகிய யாவும் இவர்தம் கடமைகள் எனத் தோமே பிரெஸ் என்னும் போர்த்துகீசியர் எழுதிச் சென்றுள்ளார். எக்கப்பலில் என்ன வந்தது, யாருக்காக வந்தது என்பதைச் சாபந்தார் அறிந்திருக்க வேண்டும். அவ்வறிவின் மீதுதான் மலாக்காவின் பெருமை நின்றது.

எனினும் அத்தகைய துறைமுகத்திலேயே, எந்தச் சாபந்தாரின் கணக்கிலும் ஏறாத ஒரு பொருள் வெளியே சென்றது. அது ஒரு கடிதம்.

1509ஆம் ஆண்டு டியோகோ லோப்பெஸ் டி செக்குவெய்ரா என்பவரின் தலைமையில் போர்த்துகீசியக் கப்பல்கள் முதன்முறையாக மலாக்காவுக்கு வந்தன. பூசல் மூண்டு கப்பல்கள் திரும்பியபோது, கரையில் அகப்பட்ட சிலர் சிறைப்பட்டனர். அவர்களுள் ருய் டி அராவுஜோ என்பவரும் ஒருவர். சிறையிருந்தோருக்கு உணவும் உதவியும் அளித்துக் காத்தவர் ஒரு தமிழ் வணிகர். போர்த்துகீசிய ஏடுகள் அவரை 'நினா சத்து' என்று குறிக்கின்றன. முற்பகுதி 'நயினார்' என்பதன் திரிபாகலாம். 1510ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அராவுஜோ எழுதிய கடிதம், இவ்வணிகரின் துணையால் கடல் கடந்து அல்புகெர்க்கின் கைக்குச் சேர்ந்தது. மலாக்காவின் நிலைமையையும் சுல்தானின் படை வலிமையையும் அது எடுத்துரைத்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மலாக்கா வீழ்ந்தது.

நினா சத்து செய்தது கைதிகள்பால் காட்டிய கருணையா, பகைவனுக்குச் செய்த படையுதவியா? இரண்டும் ஒரே கையால் ஒரே நேரத்தில் செய்யப்பட்டன என்பதே உண்மை. உணவு அனுப்பிய வழியே கடிதமும் சென்றது. வெற்றி பெற்ற போர்த்துகீசியர் அவரை இசுலாமியரல்லாத மக்களுக்குத் தலைவராக்கி, பெண்டகாரா என்னும் பட்டமும் வழங்கினர். 1514ஆம் ஆண்டில் அப்பதவியைப் பறித்துக் கம்பார் மன்னருக்குக் கொடுத்தனர். அந்த இழிவைப் பொறாத நினா சத்து தீ வளர்த்து அதனுள் புகுந்து மாண்டார். மலாக்காத் தமிழரின் வரலாற்றை எழுதுவோர் செட்டிகளின் கோயில்களையும் வாணிகச் செல்வத்தையும் விரித்துரைப்பர். இம்முடிவினை ஓரிரு வரிகளில் கடந்து விடுவர். கடந்துவிடத் தக்க செய்தியன்று அது. வாணிகப் பாதையும் படைப் பாதையும் இந்நீரிணையில் தொடக்கம் முதலே ஒன்றாக இருந்தமைக்கு அது சான்று.

போர்த்துகீசியருக்குப் பின் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் வந்தனர். 1896இல் டான் சாய் யான் என்னும் சீனப் பெருவணிகர் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார்; தொடர்ந்து புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. அலோர் காஜா, ஜாசின் வட்டாரங்களில் காடுகள் அழிக்கப்பட்டு ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அத்தோட்டங்களின் லயங்களில் குடியேறிய தமிழ்த் தொழிலாளருக்கு உலக அரசியல் என்பது ரப்பர் விலையின் ஏற்ற இறக்கமாக மட்டுமே தெரிந்தது. அந்நிலை 1942இல் மாறிற்று.

சப்பானியர் ஆட்சிக் காலத்தில் மலாயாவின் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர் சயாம்–பர்மா ரயில் பாதை அமைக்கக் கொண்டு செல்லப்பட்டனர். மலாக்காத் தோட்டங்களும் இதற்கு விலக்கல்ல. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. போனவர்களில் பெருந்தொகையினர் திரும்பவில்லை. 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோஷிமாவிலும் 9ஆம் நாள் நாகசாகியிலும் அணுகுண்டு வீழ்ந்தது, சப்பான் பணிந்தது. தோட்டத்து முதியோர் பலரின் நினைவில் 'குண்டு போட்டான், சண்டை நின்றது' என்னும் அளவிலேயே அச்செய்தி தங்கியது. அவர்களைக் குறை கூற யாருக்கு உரிமை உண்டு? காட்டில் மடிந்த தமையனை எண்ணி அழுத ஒருவருக்கு, அந்தக் காட்டின் கதவைத் திறந்த பேரோசை எங்கோ இரு நகரங்களில் பல்லாயிரம் குழந்தைகளைச் சாம்பலாக்கியது என்பது எட்டாத தொலைவிலிருந்த செய்தி. அணுகுண்டு பற்றி மலேசியத் தமிழர் எழுதும்போது இந்த இரட்டை நினைவை மறைக்காமல் எழுதுதல் வேண்டும்.

விடுதலைக்குப் பின்னரும் அயல்நாட்டுப் படைகள் மலாக்காவை விட்டு நீங்கவில்லை. 1957 அக்டோபர் 12ஆம் நாள் மலாயாவும் பிரிட்டனும் பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொண்டன. அதன் வழியே சுங்கை ஊடாங்கை அடுத்த கடற்கரையில் தெரெண்டாக் முகாம் எழுந்தது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று நாட்டு வீரர்களும் அடங்கிய 28ஆவது காமன்வெல்த் படையணி அங்குத் தங்கியது. மசூதி தானா, சுங்கை ஊடாங் வட்டாரத்து மக்களுக்கு அது பட்டாளம் தங்கிய இடம், அவ்வளவே. ஆனால் துங்கு அப்துல் ரகுமானின் அரசுக்கு அது ஓர் அரசியல் இக்கட்டு. தென்கிழக்காசிய உடன்படிக்கை அமைப்பாகிய 'சீட்டோ'வில் மலாயா சேரவில்லை; அவ்வமைப்பின் போர்களுக்கு மலாயா மண் தளமாவதை மக்கள் விரும்பவுமில்லை. முகாமில் இருந்த படைகளோ அவ்வமைப்பின் உறுப்பு நாடுகளைச் சேர்ந்தவை. ஆகவே, சீட்டோ பணிக்கு ஒரு படை செல்வதாயின் முதலில் சிங்கப்பூருக்குச் சென்று, பின்னர் அங்கிருந்து போக வேண்டும் என்னும் ஏற்பாடு கைக்கொள்ளப்பட்டது. 1962இல் பட்டர்வொர்த்தில் இருந்த ஆஸ்திரேலியப் போர் விமானங்கள் சிங்கப்பூர் வழியாகவே தாய்லாந்தின் ஊபோன் தளத்தை அடைந்தன. சட்டத்தின் சொல் காக்கப்பட்டது. பொருள் எங்கே போயிற்று என்று கேட்டவர் சிலரே.

1964 அக்டோபர் இறுதியில், இந்தோனேசியாவுடன் பகைமை முற்றியிருந்த வேளையில், மலாக்கா–ஜொகூர் எல்லையிலுள்ள கெசாங் ஆற்று முகத்தில் 52 இந்தோனேசிய வீரர்கள் கரையேறினர். தெரெண்டாக்கிலிருந்து சென்ற படையினர் அவர்களைச் சுற்றி வளைத்தனர். உள்ளூர் மக்கள் கண்டதும் பேசியதும் இச்சிறு நிகழ்ச்சியைத்தான். அதே வேளையில் தெற்கே சிங்கப்பூரின் தெங்கா விமானத்தளத்தில், 'செந்தாடி' என்று பொருள்படும் பெயர் கொண்ட பிரிட்டிஷ் அணுகுண்டுகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. 48 குண்டுகள் வரை அங்கு வைக்கத் திட்டமிட்டிருந்தமை, பல்லாண்டுகள் கழித்துப் பிரிட்டிஷ் ஆவணங்கள் திறக்கப்பட்ட பின்னரே உலகுக்குத் தெரிந்தது. 1963 செப்டம்பர் முதல் 1965 ஆகஸ்டு வரை சிங்கப்பூர் மலேசியாவின் ஒரு மாநிலம் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். எனவே, அணுவாயுதம் வேண்டாம் என்று பிற்காலத்தில் உலக மன்றங்களில் ஓயாது முழங்கிய இந்நாட்டின் எல்லைக்குள், இந்நாட்டு மக்களிடம் ஒரு சொல்லும் கூறாமல், ஒரு வல்லரசு அணுகுண்டுக்கு இடம் கண்டிருந்தது. இதனைக் கள்ளக்கடத்தல் என எவரும் அழைக்கவில்லை. அரசுகள் செய்யும் மறைவுக்கு 'பாதுகாப்புக் கொள்கை' என்று பெயர்.

தெரெண்டாக்கைப் பற்றி இன்னும் ஒன்று. மலேசியா பங்கு கொள்ளாத வியட்நாம் போரில் மாண்ட ஆஸ்திரேலிய வீரர் சிலர், இம்முகாமின் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டனர். 2016இல் ஆஸ்திரேலிய அரசு 33 பேரின் உடல்களைத் தாயகத்திற்கு எடுத்துச் சென்றது. அவர்களுள் ஒருவர் சிங்கப்பூரில் புதைக்கப்பட்டிருந்தவர், மற்றெல்லாரும் மலாக்கா மண்ணில் கிடந்தவர்கள்.

அயற்படைகள் விலகத் தொடங்கிய பின், மலேசியாவின் வெளியுறவுக் கொள்கை தெளிவாக உருப்பெற்றது. 1970 மார்ச் 5ஆம் நாள் அணுவாயுதப் பரவல் தடை உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, அதனை ஏற்று உறுதி செய்த நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. 1971 நவம்பரில் கோலாலம்பூர்ப் பிரகடனம் தென்கிழக்காசியாவை அமைதி, சுதந்திரம், நடுநிலை ஆகியவற்றின் வட்டாரமாக அறிவித்தது. 1995 டிசம்பரில் பாங்காக்கில், அணுவாயுதமற்ற தென்கிழக்காசிய வட்டார உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இக்கொள்கைப் பற்றில் ஐயுற இடமில்லை. ஆயினும் அரசின் கொள்கை வெளியுறவு அமைச்சில் இருக்க, பட்டறைகளில் என்ன கடையப்படுகிறது என்பதை அறிய ஒரு சட்டமும் இல்லாதிருந்தது. அந்த இடைவெளியில்தான் அப்துல் காதிர் கானின் வலைப்பின்னல் நுழைந்தது.

கான் 1936இல் போபாலில் பிறந்தவர், 1952இல் பாகிஸ்தானில் குடியேறியவர், உலோகவியல் கற்றவர். 1972 முதல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு நிறுவனத்தில் பணியாற்றினார். பிரிட்டன், ஜெர்மனி, ஒல்லாந்து ஆகிய நாடுகள் கூட்டாக நடத்திய யுரேனியச் செறிவூட்டல் திட்டத்திற்கு அந்நிறுவனம் துணைப்பணி செய்து வந்தது. 1974 மே 18ஆம் நாள் இந்தியா பொக்ரானில் முதல் அணுவெடிப்பை நிகழ்த்தியது. அதற்கான புளூட்டோனியம், அமைதிப் பணிக்கென்று கனடா கொடுத்த அணு உலையிலிருந்து பெறப்பட்டது. பாகிஸ்தான் அதற்கு ஈடுகட்ட முனைந்தது. கான் 1975 இறுதியில் மையவிலக்குப் பொறிகளின் வரைபடங்களோடும், அவற்றுக்கு உறுப்புகள் வழங்கிய நிறுவனங்களின் பெயர்ப் பட்டியலோடும் நாடு திரும்பினார். வரைபடத்தைவிடப் பெயர்ப் பட்டியலே பெரிதும் பயன்பட்டிருக்க வேண்டும். ஒல்லாந்து நீதிமன்றம் 1983இல் அவருக்கு நான்காண்டுச் சிறை விதித்தது. அழைப்பாணை முறையாகச் சேரவில்லை என்னும் காரணத்தால் 1985இல் அத்தீர்ப்பு தள்ளுபடியானது.

மையவிலக்குப் பொறியின் வேலை இன்னதென்று அறிந்தால்தான் பின்னர் நிகழ்ந்தவை விளங்கும். இயற்கையில் கிடைக்கும் யுரேனியத்தில், எளிதில் பிளவுறும் 235 எனும் வகை நூற்றுக்கு 0.7 பங்கே உள்ளது. மற்றது 238 எனும் சற்றுக் கனத்த வகை. யுரேனியத்தை வாயுச் சேர்மமாக்கி, உருளையொன்றில் இட்டு மிகு விரைவில் சுழற்றினால், கனத்தது ஓரத்திற்கு ஒதுங்கும். இலேசானது நடுவில் நிற்கும். தயிர் கடையும்போது வெண்ணெய் தனித்துத் திரள்வதோடு இதனை ஒருவாறு ஒப்பிடலாம். ஒரு பொறியில் கிடைக்கும் பிரிவு மிகச் சிறிது. ஆதலின், ஆயிரக்கணக்கான பொறிகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்துக் கடைந்து கொண்டே போதல் வேண்டும். நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வரை செறிவானால் மின் உலைக்கு உதவும். 90 பங்கானால் குண்டுக்கு உதவும். இரண்டுக்கும் பொறி ஒன்றே. அமைதிக்கென்றும் போருக்கென்றும் தனித்தனிப் பொறி இருந்திருப்பின், இவ்வரலாற்றில் பாதி எழுதப்பட வேண்டியிருந்திராது.

1998 மே திங்களில் இந்தியாவும் பாகிஸ்தானும் அடுத்தடுத்து அணுவெடிப்புகள் நிகழ்த்தின. இந்திய முயற்சியில் முன்னின்றவர்களுள் ஒருவர் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம். தமிழராகிய அவரைப் பற்றிய பெருமிதம் மலேசியத் தமிழ்ப்பள்ளிகளிலும் உண்டு. அவரது எளிமைக்கும் கல்விப் பற்றுக்கும் அப்பெருமிதம் தகும். பாகிஸ்தான் தெருக்களில் அதே திங்களில் கானின் படமும் மாலை சூட்டப்பெற்றது என்பதையும் ஆசிரியர்கள் சேர்த்துச் சொல்வது நன்று.

தன் நாட்டுக்கெனத் திரட்டிய வழிகளைக் கான் பிற நாடுகளுக்கும் திறந்துவிட்டார். 1987இல் துபாயில் ஈரானியரோடு பேச்சு நடந்தது. வடகொரியாவிலிருந்து பாகிஸ்தான் ஏவுகணைகள் பெற்றது. அந்நாட்டுக்கு ஏறத்தாழ இரண்டு டசன் மையவிலக்குப் பொறிகளைக் கான் தந்தார் என, பாகிஸ்தானின் தலைவராயிருந்த முஷாரப் 2006இல் வெளியிட்ட தம் நூலில் எழுதினார். 1997 முதல் லிபியாவுடன் உறவு தொடங்கியது. சுமார் 10,000 மையவிலக்குப் பொறிகள் அந்நாட்டுக்குத் தேவைப்பட்டன. இவ்வளவு பெரிய தொகையைப் பாகிஸ்தானிலிருந்து களவாக அனுப்ப இயலாது. வேறெங்கேனும் ஒரு பட்டறை வேண்டும். புகாரி சையது அபு தாகிர் என்பார் அப்பட்டறையை மலேசியாவில் கண்டார்.

தாகிர் இலங்கைக் குடிமகன். துபாயில் கணினி முதலியவை விற்கும் குடும்ப நிறுவனத்தை நடத்தியவர். மலேசியப் பெண்ணை மணந்து கோலாலம்பூரிலும் வாழ்ந்தவர். கானின் ஆய்வகத்திற்குக் குளிர்சாதனக் கருவிகள் விற்றதில் அவரது தொடர்பு தொடங்கியதாக மலேசியக் காவல்துறையின் அறிக்கை கூறியது. பாகிஸ்தானிலிருந்து வந்த பழைய மையவிலக்குப் பொறிகளை 1994–95இல் இரு கொள்கலன்களில் துபாய் வழியாக ஈரானுக்கு அனுப்பி வைத்தவரும் அவரே என அவ்வறிக்கை சொல்லிற்று. குளிர்சாதனம் விற்கப் போனவர் எந்த நாளில், எந்தச் சரக்கில் அவ்வெல்லையைக் கடந்தார் என்பதை அறிக்கை கூறவில்லை. அப்படியொரு நாள் இருந்திருக்கவும் வேண்டியதில்லை. அறத்தின் எல்லைகள் பெரும்பாலும் அவ்வாறே, ஒரு விலைப்பட்டியலுக்கும் அடுத்த விலைப்பட்டியலுக்கும் இடையில் கடக்கப்படுகின்றன.

2001ஆம் ஆண்டின் இறுதியில், நுண்துல்லிய உறுப்புகள் செய்யும் ஸ்கோமி பிரிசிஷன் எஞ்சினியரிங் என்னும் நிறுவனத்திற்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டது. அதன் தொழிற்சாலை சிலாங்கூர் ஷா ஆலமில் இருந்தது. ஷா ஆலமோ சுங்கை ரெங்காம் என வழங்கிய தோட்டப் பகுதியில் எழுந்த நகர். ஒப்பந்தத்தின் மதிப்பு ஏறத்தாழ 1 கோடியே 30 இலட்சம் வெள்ளி. உறை, வளையம், விளிம்பு, பிடிப்பான், இறைப்பியின் உடல் என 14 வகை உறுப்புகள் அலுமினியத்தில் கடைந்து தரப்பட வேண்டும். எண்ணெய், எரிவாயுத் தொழிலுக்கானவை என்று கூறப்பட்டது. சுழலும் உருளை அப்பட்டியலில் இல்லை. அது மட்டும் இருந்திருந்தால் அறிந்தவர் ஒருவர் கண்டுபிடித்திருக்கலாம். தாகிரின் ஏற்பாட்டில் அர்ஸ் டின்னர் என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 2002 ஏப்ரல் முதல் 2003 அக்டோபர் வரை அங்கிருந்து வேலையை மேற்பார்த்தார். பணி முடிந்தபின் தம் வரைபடங்களை எடுத்துக்கொண்டும், கணினியில் இருந்த தொழில்நுட்பக் குறிப்புகளை அழித்துவிட்டும் சென்றார் எனக் காவல்துறை பதிவு செய்தது. 2002 டிசம்பர் முதல் 2003 ஆகஸ்டு வரை நான்கு தவணைகளில் உறுப்புகள் துபாய்க்கு அனுப்பப்பட்டன. தாங்கள் செய்த உறுப்பு எதற்கென்று நிறுவனத்தார் அறியவில்லை என்பது காவல்துறையின் முடிவு.

தொழிற்சாலையின் உள்ளே நிகழ்ந்ததை மாணவர் மனக்கண்ணால் காண முயலலாம். கடைசல் இயந்திரத்தின் முன் நிற்பவனிடம் ஒரு வரைபடம் தரப்படுகிறது. அதில் விட்டம், தடிப்பு, துளையின் ஆழம், அனுமதிக்கப்படும் பிழை ஆகியன எண்களாக இருக்கும். ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கு பிசகினாலும் பொருள் கழிக்கப்படும். அதனால் அவன் கருத்தெல்லாம் அந்த எண்களிலேயே நிற்கும். உறுப்பு எந்தப் பொறியில் பொருந்தும் என்னும் செய்தி வரைபடத்தில் இராது, கேட்பதும் வழக்கமில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் எண்ணெய்ப் பனைக்கு மாறியும் வேலை குறைந்த காலத்தில், மலாக்காவிலும் சிலாங்கூரிலும் தோட்டத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் ஆலை வேலைக்குச் சென்றனர். 1970களில் பத்து பெரண்டாமில் எழுந்த தடையற்ற வணிக வட்டாரம் மலாக்காத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போட்டது. பால்வெட்டும் உளியைப் பிடித்த தலைமுறைக்கு அடுத்த தலைமுறை நுண்ணளவியைப் பிடித்தது. அதனை ஒரு முன்னேற்றம் என்றே கொள்ள வேண்டும். ஆனால், தான் சேர்த்த பால் இங்கிலாந்தில் என்னவாயிற்று என்று தோட்டத் தொழிலாளி அறியாதிருந்தது போலவே, தான் கடைந்த வளையம் எங்கே சுழலப் போகிறது என்று ஆலைத் தொழிலாளியும் அறியவில்லை.

துபாயில் அவ்வுறுப்புகள் 'பிபிசி சைனா' என்னும் ஜெர்மன் நிறுவனக் கப்பலில் ஏற்றப்பட்டன. 2003 அக்டோபர்த் தொடக்கத்தில் அக்கப்பல் இத்தாலியின் தாரந்தோ துறைமுகத்திற்குத் திருப்பப்பட்டது. ஐந்து கொள்கலன்கள் இறக்கப்பட்டன. மரப்பெட்டிகளின் மீது மலேசிய நிறுவனத்தின் சின்னம் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருந்தது. மறைவான வாணிகத்தில் பெயரை மறைக்காமல் விட்டிருந்தமையே, அந்நிறுவனம் அறியாமல் செய்தது என்பதற்கு ஒரு சான்றாகப் பின்னர்க் கொள்ளப்பட்டது. டிசம்பர் 19ஆம் நாள் லிபியா தன் அணுவாயுத முயற்சியைக் கைவிடுவதாக அறிவித்தது. அங்குக் கிடைத்த பொருள்களுள் ஒரு குண்டின் வரைபடமும் இருந்தது. அது இஸ்லாமாபாத்தின் ஒரு தையற்கடைப் பையில் வைத்துக் கொடுக்கப்பட்டிருந்தது.

2004 பிப்ரவரி 4ஆம் நாள் கான் தொலைக்காட்சியில் தோன்றித் தவற்றை ஒப்புக்கொண்டார். மறுநாளே மன்னிப்பு வழங்கப்பட்டது. பிப்ரவரி 11ஆம் நாள் அமெரிக்க அதிபர் புஷ் ஆற்றிய உரையில் தாகிரின் பெயரும் மலேசியத் தொழிற்சாலையும் உலகறியக் கூறப்பட்டன. மலேசியாவில் மனக்கசப்பு எழுந்தது. அதற்குக் காரணமும் உண்டு. அந்நிறுவனத்தின் முதன்மைப் பங்குதாரருள் பிரதமரின் மகனும் ஒருவர் என்பதால் செய்தி மேலும் பெரிதாயிற்று என்பது ஒருபுறம். மறுபுறம், கானுக்குக் கருவிகளும் உலோகங்களும் அறிவுரையும் வழங்கியோரில் ஜெர்மானியரும் சுவிட்சர்லாந்தினரும் பிரிட்டிஷாரும் இருந்தனர். இந்த உறுப்புகளுக்கான அலுமினியக் குழாய்கள்கூட ஒரு ஜெர்மன் நிறுவனத்தின் சிங்கப்பூர்க் கிளையிலிருந்து வந்தவை. உலகத்தின் வாயில் மட்டும் மலேசியாவின் பெயர் உருண்டது. கசப்பு நியாயமானது, எனினும் அது விடையாகாது. பிறர் வீட்டிலும் கள்வர் தங்கினர் என்பதால், தன் வீட்டின் கதவு திறந்து கிடந்தது பொய்யாகிவிடுமா? காவல்துறை பிப்ரவரி 20ஆம் நாள் விரிவான அறிக்கை வெளியிட்டதை இங்குப் பாராட்ட வேண்டும். இதில் தொடர்புற்ற நாடுகள் பல, அந்த அளவுக்குக்கூட வாய் திறக்கவில்லை.

ஆயினும் அவ்வறிக்கையோடு பேச்சு முடிந்தது. 2004 மே திங்களில் தாகிர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் காவலில் வைக்கப்பட்டார். நீதிமன்றத்தில் நிறுத்தப்படாமலே 2008 ஜூனில் விடுவிக்கப்பட்டார். அதே ஆண்டு மே திங்களில், டின்னர் குடும்பத்தின் வழக்கு ஆவணங்களை அழித்துவிட்டதாகச் சுவிட்சர்லாந்து அரசே அறிவித்தது. அக்குடும்பத்தார் அமெரிக்க உளவுத்துறைக்கு உதவியவர்கள் என்பது பின்னர் வெளிப்பட்டது. கானை விசாரிக்கப் பிறநாட்டார் எவரையும் பாகிஸ்தான் அனுமதிக்கவில்லை. அவர் 2009 வரை வீட்டுக்காவலில் இருந்து, 2021 அக்டோபரில் காலமானார். இவ்வாறு, பல நாடுகளைச் சார்ந்த ஒரு பெருங்குற்றத்தின் முழு வரலாறும் எந்த நாட்டு நீதிமன்றத்திலும் மக்கள் கேட்க விரித்துரைக்கப்படவில்லை. ஷா ஆலமில் வளையம் கடைந்தவர்களும் செய்தித்தாளில் வந்ததற்குமேல் அறிய வழியில்லை. தெங்காவின் குண்டுகளைப் பற்றி மக்கள் அறிய நெடுங்காலம் ஆயிற்று. இதற்கும் அத்தனை காலம் ஆகும் போலும்.

2004 ஏப்ரல் 28ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு மன்றம் நிறைவேற்றிய 1540ஆம் தீர்மானம், இத்தகைய பொருள்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை ஒவ்வொரு நாடும் இயற்ற வேண்டும் என்றது. மலேசியா 2010இல் வியூகப் பொருள் வாணிகச் சட்டத்தை இயற்றியது; மறு ஆண்டு அது நடைமுறைக்கு வந்தது. பட்டியலிலுள்ள பொருளை அனுப்புவோர் முன்னதாக அனுமதி பெற வேண்டும். பொருளை இறுதியாகப் பயன்படுத்துபவர் யார், எதற்காக என்பதையும் எழுதித் தர வேண்டும். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் சாபந்தார் கப்பல் தலைவனிடம் நேரிற் கேட்ட கேள்வியே, இப்போது கிள்ளான் துறைமுகத்தில் படிவமாக நிற்கிறது. அப்படிவத்தை நிரப்பும் பொறுப்பு ஏற்றுமதி செய்வோருக்கும் இடைத்தரகருக்கும் உரியது. கடைசல் இயந்திரத்தின் முன் நிற்பவனிடம் வரும் வரைபடத்தில் அந்தக் கேள்விக்கு இடம் ஒதுக்கப்படவில்லை. அங்கு முன்போலவே விட்டமும் தடிப்பும் துளையின் ஆழமும் உறுப்பின் எண்ணும் மட்டுமே எழுதப்பட்டு வருகின்றன.